பழைய ஜப்பானிய ஈட்டியை வீட்டில் வைத்துக் காப்பது எப்படி: அலகு, தண்டு, உறை, பூண்

ஜப்பானிய வாளைப் பராமரிப்பது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அப்படியே ஈட்டிக்கும் செய்தால் பாதி சரியாக வரும், மீதிப் பாதியில் பொருள் கெடும். வாளில் எஃகுதான் பெரும்பங்கு. பிடியையும் உறையையும் கழற்றித் தனியே வைத்துவிடலாம். ஈட்டியில் ஒரு சாண், இரண்டு சாண் அலகுக்குப் பின்னால் 2 மீட்டருக்கும் மேலான மரத்தண்டு இருக்கிறது. அந்த மரத்தின் மேல் உருஷி என்ற மரப்பால் பூச்சு, சிலவற்றில் பொடிப்பொடியாகப் பதித்த சிப்பி, செம்பிலும் பித்தளையிலும் பூண்கள், அடியில் இரும்புக் குப்பி. எஃகுக்கு உலர்ந்த காற்று வேண்டும், மரத்துக்கும் உருஷிக்கும் கொஞ்சம் ஈரம் வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

இதை நான் இழப்பில் கற்றேன். நான் முதலில் வாங்கிய எடோ காலத்து (1603–1868) நேர் ஈட்டி, குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். ஜூன், ஜூலை மழைக்காலம் முடிந்து பிரித்தபோது அலகின் கழுத்தருகே மிளகாய்த்தூள் தெளித்தது போலச் செம்புள்ளிகள். தண்டின் கருப்பு மினுமினுப்பில் வரிசை வரிசையாக வட்டத் தழும்புகள், குமிழ் பதிந்த இடங்கள். புள்ளிகளை ஒரு சாணைக் கலைஞர் மட்டுப்படுத்திக் கொடுத்தார். தழும்புகள் இன்றும் இருக்கின்றன.

முதலில் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

யாரி என்பது குத்தும் ஈட்டி. நேரான அலகு உள்ளது சு-யாரி. குறுக்கே இரு கிளை விரிந்தது ஜூமோன்ஜி-யாரி. நாராவில் கோஃபுகுஜி கோயிலைச் சேர்ந்த ஹோஸோயின் துறவிகளின் ஈட்டிப் பயிற்சியால் பெயர் பெற்றது. நகினாத்தா வேறு வகை: நீண்ட தண்டின் முனையில் வளைந்த, ஒருபக்கக் கூர்மை உள்ள வெட்டலகு.

அலகு தண்டுக்குள் இறங்கும் வால் பகுதிக்கு நகாகோ என்று பெயர். ஈட்டியில் இந்த வால் அலகைவிட நீளமாக இருப்பது சகஜம். வாலில் ஒரு துளை, அதன் வழியாக மெகுகி என்ற சின்ன மூங்கில் ஆணி. தண்டின் மேல்முனையில் இருப்பது கழுத்துப் பூண். அடியில் இருக்கும் குப்பி இஷிஸுகி. உலக்கைக்குப் பூண் போடுவது போலத்தான். இவை எல்லாம் சேர்ந்த அணிமானத்துக்கு கொஷிராயே என்று பெயர்.

உருஷியை நம்மவர்கள் அரக்கு என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் அரக்கு பூச்சி தருவது, உருஷி ஒரு மரத்தின் பால். அது இறுகுவதற்கே ஈரக் காற்று வேண்டும், வறண்ட காற்றில் காயாது. காய்ந்த பிறகும் வறட்சியை அது விரும்புவதில்லை. பின்னால் வரும் பல விதிகளுக்கு அடிப்படை இதுதான்.

காகிதம் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்

ஜப்பானில் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் அலகுள்ள ஈட்டி, நகினாத்தா எல்லாமே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒவ்வொன்றுக்கும் மாகாணக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சான்று இருக்க வேண்டும். வாங்கினாலோ பரம்பரையாக வந்தாலோ 20 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து சான்று இல்லாத ஈட்டி கிடைத்தால் முதலில் காவல் நிலையம், அப்புறம்தான் வாரியத்தின் பரிசோதனை. சான்று எப்போதும் ஈட்டியுடனேயே இருக்கட்டும், ஆனால் அலகின் எண்ணெய் படாத இடத்தில்.

இடமும் காற்றும்

ஒரு நல்ல ஈரப்பதமானி வாங்குங்கள். எண்ணெயையும் பெட்டியையும் விட முதலில் செய்ய வேண்டிய செலவு அது. காற்றின் ஈரம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினால் எஃகில் துரு வேகமெடுக்கும். 40க்குக் கீழே போனால் மரம் சுருங்கும், அதன் மேல் உள்ள உருஷி பிளக்கும், சிப்பித் துண்டுகள் எழும்பும். தனி அலகு என்றால் 40க்குக் கீழே வைக்கலாம் என்பார்கள். தண்டோடு இருப்பதற்கு அது ஆகாது. 50 முதல் 55 வரை வைத்துக்கொள்வது நடைமுறையில் சரிப்பட்டு வருகிறது. அந்த ஈரத்தில் எஃகை எண்ணெய்ப் படலம் காத்துக்கொள்ளும்.

எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் இருப்பது முக்கியம். டோக்கியோவில் மழைக்காலம் ஈரத்தில் ஊறும். குளிர்காலத்தில் சூடேற்றி போட்ட அறை வறண்டு போகும். மரம் இந்த இரண்டுக்கும் இடையே உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கித்தான் கெடுகிறது. இதற்குப் பழைய ஜப்பானில் கண்ட வழி பெட்டிதான். நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டு ஈட்டிகள் உட்பட ஏராளமான பொருள்கள் இன்றுவரை வந்திருக்கின்றன. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரக் கட்டடம், அதற்குள் தேவதாரு வகை மரப் பேழைகள், அவற்றுக்குள்தான் நூற்றாண்டுகளாகப் பொருள்கள் இருந்தன. வெளியே காற்று எப்படி மாறினாலும் பேழைக்குள் மெதுவாகத்தான் எட்டும். வீட்டிலும் அதே வேலையைச் செய்யலாம்: பருத்தி உறை, அதன் மேல் கிரி (பாலோனியா) மரப் பெட்டி, அந்தப் பெட்டி வீட்டின் உள்சுவர் ஓரமாக.

வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், குளிர்காலத்தில் அங்கே நீர் கோக்கும். அலமாரியின் கீழ்த்தட்டு வேண்டாம், ஈரம் அங்கேதான் தங்கும். ஏசி, ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. புது ஒட்டுப்பலகையில் பெட்டி செய்யாதீர்கள். அது விடும் அமில ஆவி செம்புப் பூணைப் பச்சையாக்கும். சாதாரண சிலிக்கா ஜெல்லைக் கைநிறையப் போட்டு மூடினால் பெட்டி பாலைவனமாகிவிடும். அருங்காட்சியகங்களுக்கென்று 50 சதவீதத்தில் நிற்கும்படி முன்கூட்டியே பதப்படுத்திய வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

வெளிச்சமும் உருஷிக்குப் பகை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பை நுண்ணிய வெடிப்புகளாக உடைக்கும். முதலில் மினுமினுப்பு மங்கும், கருப்பு பழுப்படிக்கும். அந்த நிலைக்கு வந்த பூச்சில் ஈரத்துணி பட்டாலே வெள்ளைத் தடம் விழும். காட்சிக்கு வைத்தால் சுமார் 50 லக்ஸ், அதாவது கொஞ்சம் மங்கலான அறை. ஜன்னலுக்கு எதிரே ஒருபோதும் வேண்டாம்.

கிடத்தும் முறை

சாமுராய் வீடுகளில் ஈட்டிகளைக் கதவு நிலைக்கு மேலே, சுவரில் கொக்கிகள் அடித்துக் கிடையாக வைப்பார்கள். அவசரத்துக்கு எட்டும், தண்டும் வளையாது. மூலையில் சாத்தி வைப்பதை இன்றைக்குப் பல வீடுகளில் பார்க்கிறேன். மனசு கேட்பதில்லை. ஒரு வருடத்தில் தெரியாது, பத்து வருடத்தில் தண்டு வில்லாகும். யாராவது இடித்தால் நேராக அலகின் மேல் விழும். முனை கீழாகத் தொங்கவிடுவது இன்னும் ஆபத்து. பழைய உறை இளகியிருக்கும், ஒரு நாள் கழன்று விழும்.

கிடையாக வைக்கும்போது தாங்கல்கள் எங்கே என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே பருமனான தண்டை இரண்டு இடத்தில் தாங்கினால், இரு முனையிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதம் உள்ளே தள்ளித் தாங்கும்போது தொய்வு மிகக் குறைவு. 220 செ.மீ. ஈட்டிக்கு முனையிலிருந்து 48 செ.மீ. ஈட்டியில் அலகுப் பக்கம் கனம் கூடுதல் என்பதால் முன் தாங்கலை ஒரு கை அகலம் முன்னுக்குத் தள்ளுங்கள். 3 மீட்டருக்கு மேல் போனால் நடுவில் மூன்றாவது தாங்கல் வையுங்கள், ஆனால் அது தண்டை மேலே உந்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். தாங்கலின் மேல் சாயமேற்றாத பருத்தி மெத்தை. சிப்பிப் பதிப்பு உள்ள இடத்திலும் பூணின் மேலும் தாங்கல் வரக்கூடாது. ஜூமோன்ஜியின் உறை அகலமானது. தாங்கல் உயரமாக இல்லாவிட்டால் உறை தரையில் முட்டி, தண்டு முறுக்கிக்கொள்ளும்.

இடப் பற்றாக்குறையால் தண்டை அறுத்துவிட்டவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முழு நீளத் தண்டோடு எஞ்சியிருக்கும் ஈட்டிகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலகைத் துடைத்து எண்ணெய் இடுதல்

புதிதாகச் சாணை பிடித்த அலகுக்கு முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை. நிலைத்துவிட்டதற்கு வருடத்தில் இரண்டு முறை போதும்.

1. குறைந்தது 3 மீட்டர் காலி இடம், இரண்டு பேர். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். முகக்கவசம் போடுங்கள், அலகின் மேல் பேசும்போது தெறிக்கும் எச்சில் துரு ஆகும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அறைக்கு வெளியே.

2. தண்டைத் தாங்கல்களில் கிடத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் உறையை நேராக, அச்சுக்கோடு மாறாமல் இழுங்கள். அசைத்து அசைத்து எடுக்கக்கூடாது. உறை இரண்டு மரப் பிளவுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டுக் கோடு கூர்முனைக்கு நேரே ஓடும், பழைய ஒட்டு விட்டால் அலகு அந்த வழியாக வெளியே வரும். அதனால் தட்டையான பக்கங்களை மட்டும் பிடியுங்கள், ஒட்டுக் கோட்டின் மேல் விரல் வேண்டாம். நகினாத்தா என்றால் கூர்ப்பக்கம் மேலே இருக்க, முதுகு உறைமேல் வழுக்கி வரட்டும்.

3. மென்மையாகக் கசக்கிய வாஷி என்ற ஜப்பானியக் காகிதமோ சுத்தமான பருத்தித் துணியோ எடுத்து, கழுத்திலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் பழைய எண்ணெயைத் துடையுங்கள். வாளுக்கு முதுகிலிருந்து பிடித்துத் துடைக்கலாம். ஈட்டிக்கு முதுகே கிடையாது, இரு பக்கமும் கூர், முக்கோண அலகு என்றால் மூன்று விளிம்பு. ஒவ்வொரு முகமாகத் துடையுங்கள், மடித்துப் பிடித்து இழுக்காதீர்கள். ஜூமோன்ஜியில் கிளை பிரியும் மூலையில் பழைய எண்ணெய் தேங்கிப் பழுப்பாக நிற்கும். மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றி அங்கே எடுங்கள்.

4. இறுகிய எண்ணெய்க்கு நீரில்லாத எத்தனால் சில சொட்டு, துணியில். பல ஈட்டிகளின் பள்ளத்தில் சிவப்பு உருஷி பூசியிருக்கும். அதன் மேல் ஆல்கஹால் படவிடாதீர்கள்.

5. ஒரே விளக்கு, அலகைச் சாய்த்துப் பாருங்கள். புதுப் புள்ளி இருந்தால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளும் எஃகுக் கம்பளியும் துரு நீக்கித் திரவமும் வீட்டிலேயே வேண்டாம். பயிற்சி பெற்ற சாணைக் கலைஞர்கூட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகைக் கழித்துத்தான் சுத்தம் செய்கிறார்.

6. ஒரு துணியில் இரண்டு, மூன்று சொட்டு ச்சோஜி எண்ணெய். அலகில் ஈரம் தெரியாமல் மங்கலான படலம் மட்டும் நிற்க வேண்டும். எண்ணெய் வழிந்தால் உறைக்குள் ஊறி மரத்தைக் கெடுக்கும், தண்டுக்குள் இறங்கும்.

ச்சோஜி என்றால் கிராம்பு. ஆனால் கடையில் வாள்களுக்கென்று விற்பது பெரும்பாலும் கனிம எண்ணெயில் கொஞ்சம் கிராம்பு மணம் சேர்த்தது. மருந்துக்கடைக் கிராம்புத் தைலத்தை எடுத்துத் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் ஆகாது. நாளாக ஆக அவை பிசுபிசுத்து இறுகும். உச்சிகோ என்ற கல்தூளால் தட்டித் துடைப்பது பழைய வழக்கம். என் கருத்தில் நல்ல சாணையில் இருக்கும் அலகுக்கு அது தேவையில்லை. தூளில் ஒரு பரல் இருந்தாலே மெல்லிய கீறல் விழும்.

வாலைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வருடக்கணக்கில் மூடியிருந்த வால் தண்டுக்குள் இறுகியிருக்கும். தண்டின் மேல்பகுதி உள்ளே குழி, வெளியே சுற்று. விரிசல் முதலில் விழுவது அங்கேதான். உறையைக் கழற்றும்போது ஆணித் துளையிலிருந்து காவிப் பொடி உதிர்ந்தால் உள்ளே துரு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போது மட்டும் திறக்க நினைக்கலாம்.

மெகுகி ஒருபுறம் குறுகியது. குறுகிய முனையிலிருந்து பித்தளைக் கோலால் மெதுவாகத் தட்டினால் மறுபுறம் வரும். அதன் பிறகு கழுத்துப் பூணைக் கையால் பிடித்துக்கொண்டு அலகு தானாக இளகுகிறதா என்று பாருங்கள். இளகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். குறடு போட்டு இழுப்பது, தண்டைச் சூடாக்குவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் தண்டைப் பிளக்கும் வழிகள். ஈட்டி வேலை தெரிந்த கலைஞரிடம் கொடுங்கள்.

வெளியே வந்துவிட்டால், வாலைத் தேய்க்காதீர்கள். அதில் படிந்திருக்கும் கருந்துருதான் அதன் வயதுக்குச் சாட்சி. செய்தவர் பெயர் வெட்டியிருந்தால் அதுவும் அந்தத் துருவுக்கு நடுவில்தான் இருக்கும். பளபளப்பாக்கிய வால் உள்ள அலகை மதிப்பிடுபவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், அந்த இழப்பைத் திருப்ப முடியாது. உலர்ந்த துணியால் உதிர்பொடியை ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான்.

முக்கியமான அலகு என்றால் அதற்கு ஹோ என்ற மக்னோலியா வகை மரத்தில் ஷிராசாயா என்ற பூச்சில்லாத மர உறை செய்து அதில் வைப்பது நல்லது. சோற்றுப் பசையால் ஒட்டியது என்பதால் தேவைப்பட்டால் பிளந்து உள்ளே சுத்தம் செய்யலாம். பழைய கொஷிராயேவை வெறுமையாக விடாமல் சுனாகி என்ற மர மாற்று அலகைச் செருகி வையுங்கள். பூண்களும் உறையும் இடம் மாறாமல் ஒன்றாக நிற்கும்.

தண்டும் சிப்பியும்

பருத்திக் கையுறை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை கையுறையோடு தண்டைத் திருப்பும்போது ஏதோ இழுபட்டது போல் இருந்தது. கையைப் பார்த்தால் விரல் நுனி நூலில் எள்ளில் பாதி அளவு நீலப்பச்சைச் சிப்பித் துண்டு ஒட்டிக்கொண்டு மின்னியது. அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து நைட்ரைல் கையுறைதான்.

தூசியை மென்மயிர்த் தூரிகையால் தட்டுங்கள். பூச்சு முழுதாக, உறுதியாக இருந்தால் மட்டும் உலர்ந்த மென்துணியால் ஒற்றலாம். மர மெருகு, சிலிக்கோன் தெளிப்பு, கார் வாக்ஸ், ஆலிவ் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். அவை விரிசலுக்குள் இறங்கிவிட்டால் பின்னால் பழுது பார்ப்பவரின் ஒட்டு பிடிக்காது. எழும்பிய பூச்சை உடனடிப் பசையால் ஒட்டுவதும் அதே தவறுதான். கலைஞர்கள் உருஷியையோ, உருஷியோடு கோதுமை மாவு பிசைந்த பசையையோ, நிகாவா என்ற விலங்குப் பசையையோ நிலைமையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை அந்த இடத்தைத் தொடாமல், தாங்கலில் படாமல் வைத்தால் போதும்.

பூண்கள்

ஷகுதோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் சேர்த்த கலவை. அதன் நீலம் கலந்த கருமை அழுக்கல்ல, வேண்டுமென்றே வரவழைத்த நிறம். ஷிபுஇச்சி என்ற வெள்ளிக் கலவையின் சாம்பல் நிறமும் அப்படித்தான். குத்துவிளக்கு துலக்குவது போல இவற்றைத் துலக்கினால் வேலைப்பாடே போய்விடும். இரும்புக் குப்பியில் மட்டும் மெல்லிய நுண்படிக மெழுகு பூசலாம், மெழுகு மரத்தில் ஏறாமல்.

உறையும் பூச்சிகளும்

அணிவகுப்பு ஈட்டிகளுக்குக் கரடி மயிர் போர்த்த உறைகள் உண்டு. அந்துப்பூச்சிக்கு அது விருந்து. நாப்தலீன் உருண்டை போடத் தோன்றும், வேண்டாம். அதன் ஆவி உருஷியிலும் பொன்வேலையிலும் படியும். மயிருறையைத் தனிப் பெட்டியில் வைத்து மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பெட்டியடியில் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தால் புழுக்கை, மாவுப்பொடி உடனே கண்ணில் படும். மூங்கிலும் மரமும் துளைக்கும் வண்டு வந்தாலும் அதே காகிதம் காட்டிக்கொடுக்கும். பூச்சியைக் கொல்ல உறைகுளிர்ப் பெட்டியில் வைக்கும் முறை துணிக்கு நல்லது, உருஷி பூசிய மரத்துக்கு அல்ல. காப்பாளர்கள் ஆக்சிஜனை நீக்கி நைட்ரஜன் நிரப்பிய உறையில் வைப்பார்கள். அவர்களிடம் கொண்டு போங்கள்.

தீயை மறக்காதீர்கள்

ஜப்பானின் புகழ்பெற்ற மூன்று ஈட்டிகள் என்று தொன்போகிரி, நிஹோன்கோ, ஓதெகினே மூன்றையும் சொல்வார்கள். நிஹோன்கோ இன்று ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓதெகினே 1945இல் டோக்கியோ மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. இப்போது காண்பவை மறுபடைப்புகள். சமையலறைச் சுவருக்குப் பின்னாலும் மின்பலகைக்குக் கீழும் பெட்டியை வைக்காதீர்கள். வீட்டில் புகை உணரி இருக்கட்டும். தண்ணீர் பட்டுவிட்டால் அலகை முதலில் உறையிலிருந்து எடுத்து உலர்த்தி எண்ணெய் இடுங்கள். தண்டை ஒற்றி எடுத்து, நிழலில் மெதுவாக ஆறவிடுங்கள். ஹேர் டிரையர் கூடாது.

இலையுதிர் காலக் காற்றாட்டல்

ஷோசோயினை ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில் பேரரசர் அனுப்பும் தூதர் முன்னிலையில் முத்திரை அவிழ்த்துத் திறப்பார்கள். பல கோயில்களும் பெட்டிகளைத் திறந்து காற்றாட விடுவது அந்தப் பருவத்தில்தான். நானும் அக்டோபர் கடைசியில், தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு பெட்டியைத் திறக்கிறேன். ஒரு நோட்டில் தேதி, ஈரப்பதம், புதுப் புள்ளி, புது விரிசல். அதே இடங்களை அதே கோணத்தில் புகைப்படம். தண்டிலிருந்து உதிர்ந்தது எவ்வளவு சிறியதானாலும் தூசியென்று தட்டிவிடுவதில்லை. சின்னக் காகித உறையில் போட்டு, எந்தப் பூணிலிருந்து எத்தனை செ.மீ. கீழே என்று பென்சிலால் எழுதி, சான்றிதழோடு வைக்கிறேன். அன்று விரல் நுனியில் மின்னிய அந்த அரை எள் சிப்பி, தன் இடத்துக்குத் திரும்பக் காத்துக்கொண்டு, அங்கேதான் இருக்கிறது.